அம்மாவுக்குப் பின்னால் இருந்த சுவர்

1

“உனக்குக் கழிக்க நல்லா வருது. கழிச்ச பிறகு யோசிக்கத்தான் வராது. அதுக்கு வீட்டுல நாலு பேர் படிச்சிருக்கணும்.”

பதுளையில் நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது கணக்கு டீச்சர் சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை. கையிலிருந்த சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார். எங்கள் வீட்டில் மொத்தமே மூன்று பேர். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பாவுக்குத் தன் கையெழுத்தை மட்டும் போடத் தெரியும். டீச்சர் கேட்ட நாலு பேருக்கு நான் எங்கே போவது?

அன்று நான் அவரிடம் காட்டிய கணக்கு இதுதான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொரு சாக்கிலும் கழிவு போடுவார்கள். சாக்கின் எடைக்கு ஒரு கழிவு, இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்கு ஒரு கழிவு. மழை நாளில் தண்ணீருக்குக் கழிப்பது நியாயம். வெயில் நாளிலும் கழித்தார்கள். அதை யாரும் கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமை கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையின் ஓரமாக நின்று, எல்லாருடைய கழிவையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். எண்பது பெண்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு கிலோ. மொத்தம் முந்நூற்றிருபது கிலோ. ஒருத்தி நாள் முழுக்கப் பறித்தால் இருபது கிலோ. அப்படியானால் கழித்தது மட்டும் பதினாறு பெண்களின் ஒரு நாள் உழைப்பு.

கழித்த கொழுந்தை யாரும் கொட்டிவிடவில்லை. அதுவும் லொறியில் ஏறி ஃபெக்டரிக்குத்தான் போனது. அதைப் பறித்தவர் என்று மட்டும் எவர் பெயரும் இல்லை. ஆகவே எங்கள் மலையில் யார் கண்ணிலும் படாத பதினாறு பெண்கள் தினமும் எங்களோடு கொழுந்து பறிக்கிறார்கள் என்று முடிவு எழுதினேன்.

டீச்சரிடம் காட்டுவதற்கு முன் அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டியிருந்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“அப்ப ஒம்பதாம் நம்பர் மலையில கேக்குறது அவங்கதான்,” என்றார்.

“என்னா கேக்குது?”

“கொழுந்து ஒடிக்கிற சத்தம். நாங்க எல்லாம் நிறுக்க எறங்குன பொறவு, பனி மூடிக்கிட்டா ஒரு ஆளும் தெரியாது. ஒடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கும்.”

“பயமா இல்லையாம்மா?”

“என்னா பயம். அதுகளும் நம்மள மாதிரி வேலைக்கு வந்ததுகதானே.”

எங்கள் தோட்டம் ஸ்பிரிங்வெளிப் பக்கம் இருக்கிறது. பெயரை எழுத விரும்பவில்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

2

நான் நியூசிலாந்தின் தெற்கில் உள்ள டுனிடின் நகரத்துக்கு வந்து இந்த மாதத்தோடு நாலு வருடம். அப்பா இறந்த அடுத்த வருடம் புலமைப்பரிசிலில் படிக்க வந்தேன், படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்தது. மேடும் பள்ளமுமான ஊர். காலையில் துறைமுகத்திலிருந்து பனி ஏறி வரும்போது அப்புத்தளை ரயில் ஸ்டேஷனில் நிற்பதுபோலவே இருக்கும். ஆனால் இங்கே அந்தப் பனிக்குள்ளிருந்து யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

நிலத்துக்கடியில் ஓடும் குழாய்களில் தண்ணீர் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. சிறிய நிறுவனம், ஏழு பேர். ஒரு தெருவுக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது, அந்தத் தெரு வீடுகளின் மீட்டர்கள் எவ்வளவு காட்டுகின்றன, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிச்சம் என்ன. அந்த மிச்சத்தைத் தேடிக்கொண்டு நானும் கிரேமும் போவோம். கிரேம் அறுபது வயதைத் தாண்டியவர். ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார். கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன, அவருக்குக் கம்பிதான்.

முதல் மாதச் சம்பளச் சீட்டில் ‘டிடக்ஷன்’ என்று ஒரு வரி இருந்தது. வருமான வரிக்குப் பிடித்த பணம். சம்பளத்தில் பிடிப்பது என்றால் என்னவென்று ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதே வாரம் கொடுத்த பயிற்சிப் புத்தகத்தில் ஓர் அத்தியாயத்துக்கும் அதே சொல்தான் தலைப்பு. அங்கே அதற்கு அர்த்தம் வேறு. தெரிந்ததை வைத்துத் தெரியாததை எட்டுவது. உயர்தர வகுப்பில் அளவையியல் படித்த தோழிகள் உய்த்தறிதல் என்று சொல்வார்களே, அது. எனக்கு இரண்டும் வேறாகத் தோன்றவில்லை. எங்கிருந்தோ ஒன்று குறைந்திருக்கிறது என்று கண்டால்தான் மனிதர் யோசிக்கவே தொடங்குகிறார்கள்.

ஒருமுறை எட்டு மாதமாகப் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டுக்குப் போனோம். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் குழாயெல்லாம் காய்ந்து கிடந்தது. சமையலறை மேசையில் ஒரே ஒரு கோப்பை.

“இல்லாதவர்கள்தான் நிறையத் தண்ணீர் குடிப்பார்கள்,” என்றார் கிரேம், கம்பியில் காதை வைத்தபடி. கசிவு அந்த வீட்டுத் தோட்டத்தில் புதைந்த குழாயில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீடியோவில் வருவார். அங்கே காலை ஒன்பது, மாதா கோயில் பூசை முடிந்து வந்திருப்பார். இங்கே மாலை நாலரை. நான் ஒரே பிள்ளை என்பதால் அந்த ஒரு மணி நேரத்துக்குப் போட்டியில்லை. ஒருநாள் பேச்சை முடிக்கும்போது வாய் தவறி “தேங்க்ஸ் அம்மா” என்றுவிட்டேன்.

“பெத்தவளுக்கு யாராச்சும் தேங்க்ஸ் சொல்லுவாங்களா? நான் என்னா ஒனக்கு பஸ்ஸுல எடம் குடுத்தேனா?”

பக்கத்துக் காம்பராவிலிருந்து லெட்சுமி அக்கா தலையை நீட்டுவார். லயம் என்ற வரிசை வீட்டில் குடும்பத்துக்கு ஒரு அறை, அதைத்தான் காம்பரா என்போம். எங்கள் லயத்தில் பத்துக் காம்பராக்கள். “என்னா வெள்ளக்காரி, சோறு கீறு திங்கிறியா, இல்ல புல்லுதானா?” என்று கேட்காமல் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியாது.

3

முதலில் காணாமல் போனது கடிகாரத்தின் சத்தம். அம்மா பேசும்போது பின்னால் டிக் டிக் என்று எப்போதும் கேட்கும். அது இல்லாததை ஒரு நாள் பேச்சின் நடுவில்தான் உணர்ந்தேன்.

“பேட்டரி தீந்துருச்சு,” என்றார் அம்மா.

அடுத்த வாரம் அப்பாவின் படம் இல்லை. கண்ணாடி உடைந்ததால் பதுளைக்குக் கொடுத்தனுப்பியிருப்பதாகச் சொன்னார். அதற்கடுத்த வாரம் தகர டிரங்குப் பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. சதுரமாக, மற்ற இடத்தைவிடச் சிவப்பாக.

“எலி போவுதுன்னு நகத்தி வச்சேன் புள்ள. நீ என்னா அங்கருந்து வீட்டுக்கு காவல் பாக்குறியா?”

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் ஏழு நாளுக்கு ஒருமுறை அந்த ஃபோன் திரைச் சட்டத்துக்குள் ஒரு பொருள் குறைவதைப் பார்க்க என்னவோபோல் இருந்தது. அம்மா மட்டும் அதே இடத்தில், அதே ஊதா நிற ஸ்வெட்டரில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் எதைக் கழிப்பார்கள் என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. உடம்புக்கு ஏதோ வந்து, பொருட்களை யாருக்கோ கொடுத்துவிடுகிறாரோ என்று நினைத்தேன்.

பிறகு சத்தங்களைக் கவனித்தேன். பழக்கதோஷம். ரேடியோ பாடியது. இன்னும் கூர்ந்து கேட்டால் இன்னொரு ரேடியோ, அதற்கு அப்பால் இன்னொன்று, எல்லாம் ஒரே நிலையம். ஒரே பாட்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எதிரொலிபோல் பின்தங்கிப் பின்தங்கிக் கேட்டது. ஆனால் இருமல் இல்லை. பிள்ளை அழவில்லை. கோழி கொக்கரிக்கவில்லை. மூன்று வாரமாக லெட்சுமி அக்கா தலை நீட்டவில்லை.

“அக்கா எங்கம்மா?”

“கடைக்குப் போயிருக்கா.”

மூன்று வாரமாகக் கடையிலா?

அன்றைக்கு ஒரு பூனை உள்ளே வந்தது. அதைக் காட்டுவதற்காக அம்மா ஃபோனைத் திருப்பினார். ஒரு நொடிதான். சுவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்த நான் முதன்முறையாக அதைப் பக்கவாட்டில் பார்த்தேன். அங்கே பதுளைப் புடைவைக் கடைக்காரர் கொடுத்த முருகன் காலண்டர் தொங்கும், அடுத்த ஆணியில் அம்மாவின் செபமாலை. ரெண்டு பேரும் சண்டை போட மாட்டாங்க என்று அம்மா பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

காலண்டர் சுவரில் ஒட்டியிருக்கவில்லை. மேலே ஆணியில் தொட்டுக்கொண்டு, கீழே நாலு விரல் அளவு சுவரைவிட்டு விலகி நின்றது. காற்றில் ஆடவில்லை, அசையாமல் நின்றது. செபமாலையும் அப்படியே நின்றது. இரண்டுக்கும் பின்னால் ஒரு நீளமான நிழல்.

படத்தை நிறுத்திப் பிடித்து, கணினித் திரையில் அடிமட்டக் கோலை வைத்துப் பார்த்தேன். காலண்டரும் மாலையும் ஒன்றுக்கொன்று இணை. தொங்கும் பொருள் இரண்டு சேர்ந்து பொய் சொல்லாது. சரிந்திருப்பது சுவர்தான். அது அம்மாவின் தலைக்கு மேலே அறைக்குள் குனிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை அதைக் கிரேமிடம் காட்டினேன். யாருடைய வீடு என்று சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இது சரிந்து நிற்கிற சுவர் இல்லை,” என்றார். “விழுந்துகொண்டிருக்கிற சுவர். மெதுவாக விழுவதால் நிற்பதுபோலத் தெரிகிறது.”

4

அடுத்த ஞாயிறுவரை காத்திருக்காமல் மறுநாளே ஃபோன் செய்தேன். அம்மா எடுக்கவில்லை. புதன்கிழமை எடுத்தபோது இருட்டாக இருக்கிறது, வெளியே நிற்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வழக்கமான இடத்தில், வழக்கமான ஸ்வெட்டரில் வந்தார்.

“அம்மா, வீட்டுல எலுமிச்சங்கா இருக்கா?”

“இருக்கு. ஏன், வெறும் வயித்துல ஏதும் குடிச்சியா?”

“அத எடுத்து தரையில வைங்க.”

“என்னாத்துக்கு?”

“வைங்களேன்.”

அம்மா குனிந்து வைத்தார். ஒரு கணம் அது அப்படியே இருந்தது. பிறகு யாரோ விரலால் தட்டியதுபோல் அசைந்து, மெல்ல உருண்டு, வேகம் பிடித்து, சட்டத்தைவிட்டு வெளியே போனது. எங்கோ சுவரில் மோதும் சத்தம் கேட்டது. அது ஓடிய பக்கம் மலையின் கீழ்ப்பக்கம்.

அம்மா அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன நாளாம்மா?”

“மழை தொடங்குனதுல இருந்து. மேல ரோட்டுல வெடிப்பு விட்டுருக்கு. கை உள்ள போவுது.” பிறகு, “நாங்க இங்க படுக்குறதில்ல புள்ள. எல்லாரும் ஸ்கூல் ஹோலுக்குப் போயிட்டோம். அப்பா படம், பொட்டி எல்லாம் அங்கதான் இருக்கு,” என்றார்.

“அப்ப இப்ப லயத்துல யாரு இருக்கா?”

“நான்தான்.”

“மத்த ஒம்பது காம்பராவுல?”

“ரேடியோ.”

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அதிகாரிகள் வந்து லயத்தைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். புது வீடு தருவோம், பட்டியல் போடுகிறோம் என்றார்கள். பூட்டிய கதவுக்கு வீடு கிடையாது, ஆள் இல்லையென்றால் பேரை வெட்டிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு பரவியது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலிக் கணக்கிலிருந்து பேர் வெட்டுவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்களுக்கு இதை நம்பக் கஷ்டமில்லை. எனவே பத்துக் குடும்பமும் முறை வைத்துக்கொண்டார்கள். தினமும் ஒருவர் காலையில் ஏறிவந்து பத்துக் கதவையும் திறந்து, பத்து ரேடியோவையும் போட்டு, பத்து அடுப்பையும் பற்றவைக்க வேண்டும். கீழே தோட்ட ஆபிசிலிருந்து பார்த்தால் பத்துப் புகை தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் முறை. எனக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று அந்த நாளைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

ஆளில்லாத பத்து அறைகளில் நெருப்பு எரிகிறது, பாட்டுப் பாடுகிறது, நடுவில் என் அம்மா ஒருத்தி.

“மொதல்ல வெளிய வாங்கம்மா.”

“வந்துர்றேன், வந்துர்றேன். இன்னும் ரெண்டு அடுப்பு புடிக்கல. வெறகு ஈரம்.”

“சுவரு விழப்போவுது.”

“விழுறதுன்னா சொல்லிட்டுத்தான் விழும். ராத்திரியில முனகுது, கேட்டிருக்கோம். பகல்ல சும்மாதான் இருக்கு.”

ஹல்துமுல்லைப் பக்கம் மண் சரிந்த கதை அம்மாவுக்குத் தெரியாததல்ல. மண் சொல்லிவிட்டு வராது என்று எனக்குச் சின்ன வயதில் சொன்னவரே அவர்தான். வீடு என்ற சொல்லுக்கு முன்னால் அது மறந்துவிட்டது. நாலு சந்ததியாகத் தனக்கென்று ஒரு கதவு இல்லாதவர்களுக்கு அந்தச் சொல் என்ன செய்யும் என்பதை இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

5

திங்கட்கிழமையிலிருந்து ஃபோன். தோட்ட ஆபிசில் கிராம சேவகரைக் கேட்கச் சொன்னார்கள். கிராம சேவகர் பிரதேசச் செயலகத்தைக் கேட்கச் சொன்னார். செயலகத்தில் மூன்று மேசை தாண்டி, என் பள்ளிக்கூடச் சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்ட ஓர் எழுத்தர் கிடைத்தார். கோப்பைத் தேடி எடுத்து வந்தார்.

உங்கள் லயம் அவசரப் பட்டியலில் இல்லையே மிஸ், என்றார். இருந்தது, எடுத்துவிட்டார்கள். பார்வையிட வந்த அதிகாரி அறிக்கை எழுதியிருக்கிறார். பத்து வீட்டிலும் அடுப்பு எரிகிறது, வானொலி கேட்கிறது, மக்கள் வெளியேற மறுக்கிறார்கள், எனவே உடனடி ஆபத்து இருப்பதாக அவர்களே கருதவில்லை என்று. வெளியேறிய குடும்பங்களுக்குத்தான் முதலில் வீடு.

பூட்டிய கதவுக்கு வீடில்லை என்று ஏதாவது சுற்றறிக்கை உண்டா என்று கேட்டேன்.

அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை, என்றார் அவர்.

பெயர் வெட்டப்படக்கூடாது என்று மூட்டிய நெருப்பே பெயரை வெட்டியிருக்கிறது. புகையைப் பார்த்து அந்த அதிகாரி செய்ததும் உய்த்தறிதல்தான். புத்தகத்தில் இருப்பதுபோல ஒழுங்காகவே செய்திருக்கிறார். புகை இருக்கிறது, ஆகவே அடுப்பு இருக்கிறது, ஆகவே ஆள் இருக்கிறார். நானும் ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவைப் பார்த்து, ஆகவே வீடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதானே இருந்தேன்.

அன்றே அம்மாவிடம் சொன்னேன். லெட்சுமி அக்காவும் பக்கத்தில் இருந்தார், பள்ளிக்கூட மண்டபத்தில், துணி காயும் கயிறுகளுக்கு நடுவே.

“அடுப்ப அணைச்சிருங்க. அதுதான் கெடுக்குது.”

“யாரு சொன்னா?” என்றார் அக்கா.

“ஆபிஸ்ல கேட்டேன்.”

“போன்ல கேட்டியா? ஏ வெள்ளக்காரி, போன்ல இந்த ஆபிஸுக்காரங்க எனக்கு எத்தன தடவ வீடு குடுத்துட்டாங்க தெரியுமா.”

அம்மா குரலைத் தாழ்த்தினார். “புள்ள, எனக்கு நீ சொல்றது புரியுது. ஆனா என்னோட அடுப்பு மட்டும் இல்லியே. ஒம்பது வீட்டு நெருப்ப நான் எப்படி நிப்பாட்டுறது? நாளைக்கு பேரு போயிருச்சுன்னா அவங்க மூஞ்சில நான் முழிக்கிறதா?”

“அப்ப என்னா செய்யச் சொல்றீங்க?”

பதில் அக்காவிடமிருந்து வந்தது. “நீ வா. எங்கள கூட்டிட்டு ஆபிஸுக்குப் போ. அவங்க வாயால சொல்றத எங்க முன்னுக்கு கேட்டு, எழுதி வாங்கு. அன்னைக்கே தண்ணி ஊத்தி அணைக்கிறேன். நீ படிச்ச புள்ளதானே.”

கேலியா என்று பார்த்தேன். கேலி இல்லை.

எழுத்தரும் அதையேதான் சொல்லியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் மின்னஞ்சலைக் கோப்பில் போட முடியாது. பத்துக் குடும்பத்தின் ஒப்பத்தோடு ஒருவர் நேரில் வந்து, இன்ன நாளிலிருந்து நாங்கள் அங்கே வசிக்கவில்லை என்று கொடுத்தால் மறுபடி பார்வையிட வருவார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வதிவிட விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. அதுவரை இடைக்கால விசாவில் இருக்கிறேன். நாட்டைவிட்டு வெளியேறினால் அது அந்த நிமிடமே முடிந்துவிடும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. திரும்பி வருவதற்குப் புதிதாகக் கேட்க வேண்டும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இரண்டு வருடமாக இந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் ஊருக்குப் போகவில்லை. இருக்கிற இடத்தில் இருந்தால்தான் பேர் இருக்கும் என்று நம்புவதற்காக அம்மாவைத் திட்ட எனக்கு என்ன தகுதி?

கிரேமிடம் இதைச் சொன்னபோது, உன் வேலை இங்கே இருக்கும், விசாவைப் பற்றி எனக்குத் தெரியாது என்றார். நேர்மையான பதில். பிறகு என்னைத் தன் காரில் டுனிடின் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார்.

அம்மாவிடமிருந்து கடைசியாக வாங்க முடிந்த வாக்குறுதி இவ்வளவுதான்: “இனி உள்ள உக்காந்து பேசல. அடுப்ப மட்டும் பத்த வச்சிட்டு ஒடனே வெளிய வந்துர்றேன்.” பத்து அடுப்புக்கு, ஈர விறகில், எவ்வளவு நேரம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த வாக்குறுதி போதாது. நாளை ஞாயிறு. அவருக்குப் பதிலாக லெட்சுமி அக்கா ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

பத்துக் குடும்பத்தின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் தட்டெழுதி, ஒப்பமிட இடம் விட்டு, மூன்று பிரதி எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லி அந்த எழுத்தர் நேரம் கொடுத்திருக்கிறார். இதை ஆக்லாந்து விமான நிலையத்தில், நாட்டைவிட்டு வெளியேறும் சோதனை வாயிலைக் கடந்த பிறகு எழுதுகிறேன். கடந்து இருபது நிமிடம் ஆகிறது.